கல்முனையில் இரவு தங்குவோர்க்கு

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெருவில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊர்கள் இடைவெளியின்றித் தொடர்கின்றன. வந்தவரை இரவில் வழியனுப்புதல் இங்கு வழக்கமன்று. பாய் விரித்து விடுவர்.

கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற காலத்தில் உறவினர் இல்லங்கள் நிறைந்திருந்தமையால், நாம் விடுதியொன்றில் அறை பெற்றோம். நம்மைக் காண நிந்தவூரிலிருந்து வந்த மைத்துனர், பேச்சு நள்ளிரவைக் கடக்கவே, அவ்வறையிலேயே உறங்கினார். காலையில் கணக்குச் சீட்டில் ஓர் ஆளுக்குரிய கட்டணம் கூடியிருந்தது. "மச்சான், இது என்னால் வந்த செலவு" என்று அவர் பணத்தை நீட்டினார். நாம் வாங்க மறுத்தோம். ஆயினும் அவர் முகம் தெளியவில்லை.

விடுதிக்காரரைக் குறை கூறுவதற்கில்லை. தங்குவோர் அனைவரையும் பதிவேட்டில் எழுதுவது அவர் கடமை. வாடகை சிலவிடத்து அறைக்கு, சிலவிடத்து ஆளுக்கு. அதன்மேல் பல விடுதிகளில் நூற்றுக்கு 10 சேவைக் கட்டணமும், வரிக்குப் பதிவானவற்றில் 2024 ஜனவரி முதல் நூற்றுக்கு 18 பெறுமதி சேர் வரியும் சேரும்.

ஆதலின், சாவியை வாங்குமுன் மூன்று கேட்க: வாடகை எத்தனை பேருக்கு? காண வருவோர் எத்தனை மணிவரை இருக்கலாம்? இரவு தங்கினால் மேலதிகம் எவ்வளவு? விருந்தினர் செவியிற் படாமல் இவற்றை முன்னரே தீர்த்துக் கொள்வது பண்பு.