அப்பா காதுக்கு எட்டும் சுதி

வயதானால் காது ஒரேயடியாக மூடிக்கொள்வதில்லை. முதலில் போவது மேல் ஸ்தாயி. குருவிச் சத்தம், கொலுசுச் சத்தம் இதெல்லாம் முதலில் மங்கும். பேச்சிலும் அப்படித்தான். ஆ, ஓ, ஊ போன்ற ஒலிகள் தணிந்த ஸ்தாயியில் இருப்பதால் தப்பித்துவிடும். ஸ, ச, ஃப மாதிரி ஒலிகள் நழுவிப்போகும். அதனால் நாம் பேசுவது பெரியவர்களுக்குக் கேட்கும். என்ன பேசுகிறோம் என்பதுதான் புரியாது.

என் அப்பாவுக்கு வயது 79. "மாமா, காபி வேணுமா?" என்று என் மனைவி கேட்டால், "சாவி ஆணியிலதாம்மா மாட்டியிருக்கு" என்பார். ஆரம்பத்தில் எல்லோரும் சேர்ந்து சிரித்தோம், அப்பா உட்பட. போகப் போக அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். நாலு பேர் சேர்ந்து பேசினால், "சந்தைக்கடை மாதிரி இருக்குடா" என்று கழற்றி வைத்துவிடுவார். கூடத்தில் எங்களோடு உட்கார்ந்திருப்பார். ஆனால் எங்களோடு இருக்க மாட்டார்.

தஞ்சாவூர்ப் பக்கம் தபால் ஆபீஸ்களில் சிக்னலராக இருந்தவர் அவர். தந்திக் கருவி 'கட்... கட கட்' என்று தட்டத் தட்ட, காதால் கேட்டே எழுத்தாக்கும் வேலை. சாவுச் செய்தியும் கல்யாண வாழ்த்தும் அவர் காது வழியாகத்தான் ஊருக்குள் வந்தன. 2013 ஜூலையில் நாட்டில் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள்.

ஆனால், மோர்ஸ் சாகவில்லை. ஹாம் ரேடியோக்காரர்கள் இன்றும் அதில்தான் அரட்டை அடிக்கிறார்கள். அனுப்புவதற்கு அரசுத் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும், என்னிடம் இருக்கிறது. கேட்கும் ரிசீவரை வீட்டிலேயே செய்துவிடலாம்.

அதன் சூட்சுமம் எளிது. தூரத்தில் ஒருவர் 7030 கிலோஹெர்ட்ஸில் மோர்ஸ் அனுப்புகிறார் என்று வையுங்கள். அந்த அலை நம் காதுக்குக் கேட்காது. நம் ரிசீவருக்குள் 7030.6 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலையை உண்டாக்கி, இரண்டையும் கலந்தால், வித்தியாசமான 600 ஹெர்ட்ஸ் 'பீப்' என்று கேட்கும். இரண்டு ஐ.சி., கொஞ்சம் கெபாசிட்டர், ஒரு ஹெட்போன் போதும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நடை நடந்தால் எல்லாம் கிடைக்கும். காயிலை நான் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் வாஷரில் சுற்றினேன். அது ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் தன்னுடைய 'பிட்எக்ஸ்' கருவியில் காட்டிக்கொடுத்த வழி. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தென்னை மரம் வரை கட்டிய வயர்தான் ஏரியல்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், குமிழைத் திருகினால் சுதி மாறும் என்பது. 800 ஹெர்ட்ஸ் வைக்கலாம், 500-ம் வைக்கலாம். செய்தி ஒன்றுதான். பேச்சில் இந்த வசதி கிடையாது. 'ஸ' என்ற ஒலியைத் தணிந்த ஸ்தாயியில் சொல்ல யாராலும் முடியாது. அப்பாவின் ஆடியோகிராமை எடுத்துப் பார்த்தேன். 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் கோடு சரிகிறது. 1000-க்குக் கீழே கிட்டத்தட்ட நன்றாகவே இருக்கிறது.

600-ல் வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். முதல் நாலைந்து நாள் அவருக்குப் பிடிபடவில்லை. அவர் பழகியது தட்டல் சத்தம்; இது ஊதல் சத்தம். ஒரு வாரம் கழித்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்துகளாக எழுத ஆரம்பித்தார். இரைச்சலில் எனக்கு எட்டாத எழுத்துகளைக்கூட அவர் பிடித்தார். "பையன் அவசரப்படறான். இடைவெளியே விடலை" என்று யாரோ ஒரு ஜப்பான்காரரைத் திட்டினார். அப்பா ஒருவரைத் திட்டிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

இது காதுக்கு மருந்து இல்லை. பேச்சு இன்னும் அவருக்குக் குழப்பம்தான், மெஷினும் தேவைதான். ஆனால், இப்போது சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் சொல்வதற்கு ஏதாவது இருக்கிறது. ராத்திரி ரஷ்யாக்காரர் எவ்வளவு அழகாகத் தட்டினார் என்று சொல்கிறார். பேத்தி பேனாவால் மேஜையில் தட்டி 'கே-ஏ-பி-ஐ' என்று கேட்கிறாள். சாவி பக்கம் அவர் போவதே இல்லை.

ஹாம்கள் விடைபெறும்போது '73' என்று அனுப்புவார்கள். அன்பும் வாழ்த்தும் என்று பொருள். எண்ணில் வாழ்த்துவது அப்பாவுக்குப் புதிதல்ல. நம் வாழ்த்துத் தந்திகளிலும் வாசகத்துக்குப் பதில் எண்ணைத்தானே அனுப்பினார்கள். பத்து மணிக்கு மேலானாலும் அந்த 73 வராமல் எழுந்திருக்க மாட்டார்.

"பேசிண்டிருக்கறப்போ பாதியில எழுந்து போறது மரியாதை இல்லடா" என்கிறார்.