பிரிண்டருக்கு ஒரு கதவு எண்

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஒரு தலைவலி நன்றாகத் தெரியும். ஒரே கதவில் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. இரண்டையும் எழுதினால்தான் கூரியர்காரர் திட்டாமல் வந்து சேருவார். வீட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர், செல்போன், பிரிண்டர், டிவி எல்லாவற்றுக்கும் இதே மாதிரி ஓர் எண் உண்டு. அதுதான் ஐபி முகவரி. தெருவில் எண் மாற வேண்டுமென்றால் மாநகராட்சி மனசு வைக்க வேண்டும். வீட்டுக்குள் மாறுவதற்குக் கரண்ட் போய் வந்தாலே போதும்!

கரண்ட் விஷயத்தில் காத்திவாக்கத்துக்காரர்களிடம் ஒரு கசப்பான சிரிப்பு இருந்தால் அது நியாயம்தான். பக்கத்திலேயே 1970-ல் ஓட ஆரம்பித்த எண்ணூர் அனல் மின் நிலையம் இருந்தது. 2017-ல் அதை மூடினார்கள். அத்திப்பட்டுப் பக்கம் வடசென்னை அனல் மின் நிலையம் இன்னும் ஓடுகிறது. அந்தப் புகைபோக்கிகள் தெரிகிற ஊரிலும் கரண்ட் போகத்தான் செய்கிறது. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று புயல் வந்தால் கேட்கவே வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். காத்திவாக்கம் ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அந்த வீட்டு அம்மா முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு வைஃபை பிரிண்டரும் வைத்திருக்கிறார். ஹால் டிக்கெட், ஆதார், வேலை விண்ணப்பம் என்று தெருவில் யாருக்கு என்ன வேண்டுமோ எடுத்துக் கொடுப்பார். பக்கத்துக்குச் சில ரூபாய். இதையெல்லாம் மாட்டிக் கொடுத்த மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். ராத்திரி கரண்ட் போய் விடியற்காலையில் வந்திருக்கிறது. பரீட்சைக்குக் கிளம்பிய பெண் ஒருத்தி ஹால் டிக்கெட் எடுக்க வாசலில் நிற்கிறாள். சென்ட்ரல் பக்கம் போகிற ரயிலுக்கு இன்னும் பத்தே நிமிஷம். கம்ப்யூட்டரோ "பிரிண்டர் ஆஃப்லைன்" என்கிறது.

"ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா."

"ரெண்டு தடவை பண்ணிட்டேண்டா!"

பிரிண்டர் கெடவில்லை. வைஃபையும் இருக்கிறது. பிரிண்டர் வேறு எண்ணுக்குக் குடிபோய்விட்டது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் இன்னும் பழைய கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறது.

இது எப்படி நடக்கிறது? வீட்டுக்குள் எண் கொடுக்கிற வேலை ரூட்டருடையது. அந்த ஏற்பாட்டுக்கு டிஎச்சிபி என்று பெயர். இன்று புழக்கத்தில் இருக்கும் அதன் விதிமுறை 1997-ல் வெளியானது. ஒரு கருவி வைஃபையில் சேர்ந்ததும் "எனக்கு யாராவது எண் கொடுங்கள்" என்று எல்லோருக்கும் கேட்கக் கூவும். ரூட்டர் தன் கையிருப்பிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டும். கருவி "அதையே வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லும், ரூட்டர் தலையாட்டும். கவனிக்க வேண்டியது, இது சொந்த வீடு இல்லை, வாடகை! வாடகைக் காலம் பாதி கழிந்ததும் கருவி புதுப்பித்துக் கேட்கும். இப்படிப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் மாதக்கணக்கில் ஒரே எண் ஓடும். அதனால்தான் பலருக்கு அது நிரந்தரம் என்று தோன்றிவிடுகிறது.

கரண்ட் போய் வரும்போது, மலிவான ரூட்டர்கள் பலவற்றில் யாருக்கு எதைக் கொடுத்தோம் என்கிற கணக்கே அழிந்துபோகிறது. முதலில் விழித்துக்கொண்டு கேட்கிற கருவிக்கு 192.168.1.5 போய்விடும். நேற்று வரை அது பிரிண்டரின் எண்ணாக இருந்திருக்கலாம். பிரிண்டர் பழைய எண்ணையே கேட்டுப் பார்த்தாலும், அதில் யாரோ உட்கார்ந்திருந்தால் வேறு எண்தான் கிடைக்கும். கம்ப்யூட்டரில் பிரிண்டரை அந்த எண்ணை வைத்துச் சேர்த்திருந்தால் கதை முடிந்தது.

(192.168 என்று தொடங்கும் எண்களை வீடு, அலுவலகம் போன்ற தனி நெட்வொர்க்குகளுக்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். அதனால் காத்திவாக்கத்துப் பிரிண்டருக்கும் கனடாவில் ஒரு பிரிண்டருக்கும் ஒரே எண் இருக்கலாம். சண்டை வராது.)

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, பிரிண்டரின் மெனுவுக்குள் போய் ஓர் எண்ணைக் கையால் அடித்துவிடுவது. வேலை செய்யும், சில நாளைக்கு. ரூட்டருக்குத்தான் அது தெரியாதே! தன் கையிருப்பில் அந்த எண் சும்மா கிடக்கிறது என்று நினைத்து, விருந்தாளியின் செல்போனுக்குக் கொடுத்துவிடும். ஒரே எண்ணில் இரண்டு பேர். பிரிண்டர் ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. முழுசாகக் கெட்டுப்போவதைவிட மோசம் இதுதான், ஏனென்றால் யாராலும் காரணம் கண்டுபிடிக்க முடியாது. அப்படியே செய்தாலும், ரூட்டர் விநியோகிக்கிற எண்களுக்கு வெளியே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ரூட்டரிலேயே எழுதி வைப்பது இதைவிட நல்ல வழி. காசிமேட்டில் படகு எங்கே கட்டியிருந்தாலும் அதன் மேல் எழுதிய பதிவு எண் மாறாது இல்லையா? அதுபோல ஒவ்வொரு கருவிக்கும் தொழிற்சாலையிலேயே கொடுத்த மேக் முகவரி உண்டு. பிரிண்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் பெரும்பாலும் இருக்கும், இல்லாவிட்டால் அதன் நெட்வொர்க் மெனுவில் கிடைக்கும். ரூட்டரின் பக்கத்தைத் திறந்து, டிஎச்சிபி பகுதியில் 'அட்ரஸ் ரிசர்வேஷன்' என்கிற இடத்தில் "இந்த மேக் முகவரி கேட்டு வந்தால் இந்த எண்ணைத்தான் கொடு" என்று பதிந்துவிட வேண்டும். பிரிண்டரில் எதையும் மாற்ற வேண்டாம், அது வழக்கம்போலக் கேட்கட்டும். கணக்கு ஒரே இடத்தில் இருப்பதால் மோதல் வராது. இந்தப் பதிவு கரண்ட் போனாலும் அழியாது.

வீட்டில் எல்லாவற்றுக்கும் இப்படிச் செய்ய உட்காருவது வெட்டி வேலை. மற்றவர்கள் தேடி வருகிற கருவிகளுக்கு மட்டும் போதும்: பிரிண்டர், கேமரா ரெக்கார்டர். செல்போனை யார் தேடி வரப்போகிறார்கள்? தவிர ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) வந்த பிறகு, போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்துப் போலி ஒன்றைச் சொல்லும் பழக்கத்துக்கு வந்துவிட்டன.

ஆனால் ரூட்டரே மாறினால்? இணைய இணைப்பு கொடுக்கிறவர்கள் ஒரு நாள் பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டுப் போவார்கள். பதிவு அதோடு போச்சு. ஜியோ ஃபைபர் பெட்டி என்றால் எண்களே 192.168.29 என்று தொடங்கும், 192.168.1 கதை செல்லாது. மகன் இதையெல்லாம் தன் லேப்டாப்பில் குறித்து வைத்திருப்பான். பெங்களூரில் இருக்கிற லேப்டாப்பால் வாசலில் நிற்கிற பெண்ணுக்கு என்ன பிரயோஜனம்?

அதனால் அடுத்த தடவை ஊருக்கு வரும்போது அவன் செய்ய வேண்டிய வேலை, ஒரு அட்டையில் தமிழில் எழுதுவது. ரூட்டர் பக்கத்தின் முகவரி, அதன் பாஸ்வேர்டு, பிரிண்டரின் மேக் முகவரி, அதற்குக் கொடுத்த எண், எந்த மெனுவில் போட வேண்டும் என்பது. ஐந்து வரி வரும். எழுதி முடித்ததும் ரூட்டரை ஆஃப் செய்து, அம்மாவையே அட்டையைப் பார்த்து ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துக் காட்டச் சொல்ல வேண்டும். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதிவிட்டு, அட்டையை மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டு அவன் பெங்களூருக்கு ரயில் ஏறலாம்.