தங்க இடம் தேடாத நாச்சியார்

மேல்கோட்டையின் தலபுராணம் முழுக்கப் பயணக் கதைதான். சோழ நாட்டை விட்டு வெளியேறிய ராமானுஜர் 12 ஆண்டுகள் இங்கே இருந்தார் என்பது வைணவ மரபு. தமிழில் இதற்குத் திருநாராயணபுரம் என்று பெயர். பறிபோன உற்சவ மூர்த்தி செல்வப்பிள்ளையைத் தேடி அவர் டெல்லிக்குப் போனாராம். சுல்தானின் மகள் அதைப் பொம்மையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தாளாம். (டெல்லியில் சுல்தான்களின் ஆட்சி தொடங்கியது 1206இல், ராமானுஜர் காலத்துக்குப் பிறகு. கோயில் வாசலில் நின்று இதைச் சொல்வதில் பிரயோசனமில்லை.) திரும்பும் வழியில் கள்ளர்கள் மறித்தபோது காப்பாற்றியவர்கள் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள். அவர்களைத் திருக்குலத்தார் என்று அழைத்து, கோயிலுக்குள் வரும் உரிமையை ராமானுஜர் தந்தார் என்கிறது மரபு. ஆண்டில் சில நாட்கள் மட்டும் என்பது வேறு விஷயம்.

ஆக, சீடர்கள் புடைசூழச் சென்ற ஆசாரியருக்கே வழித்துணை தேவைப்பட்டது. பொம்மையைப் பிரிய மனமில்லாமல் பின்னாலேயே வந்த சுல்தானின் மகள் எங்கே தங்கினாள், என்ன சாப்பிட்டாள்? யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வந்து சேர்ந்ததும் பெருமாளோடு ஐக்கியமாகி பீபி நாச்சியார் ஆகிவிட்டாள். அறை தேடும் அவஸ்தை அவளுக்கு இல்லை.

எனக்கு இருந்தது. ஒரு மொழிபெயர்ப்பு வேலைக்காக இரண்டு நாள் அங்கே தங்க வேண்டியிருந்தது. மைசூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர். பஸ்ஸில் ஏறினால் எங்கும் பெண்கள். 2023 ஜூனில் கர்நாடகம் ‘சக்தி’ திட்டத்தைக் கொண்டுவந்து சாதாரண அரசு பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் அளித்தது. தர்மஸ்தலம், மேல்கோட்டை என்று கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டுவிட்டார்கள். சலுகை கர்நாடகப் பெண்களுக்கு மட்டும். என் சென்னை ஆதார் அட்டையைப் பார்த்த கண்டக்டர் சிரித்துவிட்டு டிக்கெட் கிழித்தார். அந்தக் கூட்டத்தில் தனியாகப் போகிறோம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அது சாயங்காலம்தான் வந்தது. ஒரு விடுதியில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்த இளைஞர், “கூட யார்?” என்றார். யாருமில்லை என்றதும் அட்டை என் கைக்குத் திரும்பி வந்தது. “ஃபேமிலிக்குத்தான் ரூம். உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்.” தனியாக வரும் பெண்ணுக்கு அறை தரக்கூடாது என்று இந்த நாட்டில் எந்தச் சட்டமும் இல்லை. இருட்டப்போகும் நேரத்தில், என் பாதுகாப்பைக் கருதி, நான் தெருவில் நிறுத்தப்பட்டேன்.

கோயில் பக்கத்துத் தெருவில் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒரு மாமி கன்னடம் கலந்த தமிழில் விசாரித்தார். “ஒண்டியாவா வந்தேள்? ஆத்துல யாரும் வரலையா? நீங்க யாரு?” மூன்றாவது கேள்வியின் அர்த்தம் நம் வாசகர்களுக்குப் புரியும். பதில் திருப்தியாக இருந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டின் மாடி அறை கிடைத்தது, ராத்திரிக்குப் புளியோகரையும். நன்றி மறப்பதற்கில்லை. ஆனால் படுத்தபின் தூக்கம் வரவில்லை. டெல்லியிலிருந்து வேறு பெயரும் வேறு உடையுமாக ஒரு பெண் இந்த மாலையில் இந்தத் தெருவில் நின்றிருந்தால்? பெருமாளின் பாதத்தில் பீபி நாச்சியாரை வைத்துக் கும்பிடும் ஊர் இது.

அந்நியர்களிடம் ஜாக்கிரதை என்றுதான் வெளியூருக்கோ வெளிநாட்டுக்கோ கிளம்பும் பெண்ணுக்குச் சொல்லி அனுப்புகிறோம். 2024 ஜனவரியில் இதே மேல்கோட்டை மலையடிவாரத்தில் ஓர் இளம் ஆசிரியையின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவர் பயணி அல்ல, அந்த வட்டாரத்துப் பெண். கைதானவர் அவருக்கு நன்கு தெரிந்த இளைஞர். பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் குற்றம் சாட்டப்படுபவர் தெரிந்தவரே என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்கிறது. ஆனாலும் பெண்ணைப் பூட்டிவைக்க நமக்குக் கிடைக்கும் காரணம் அந்நியன்தான்.

உற்சவத்தின்போது மண்டியா கருவூலத்திலிருந்து வைரமுடி பலத்த போலீஸ் பந்தோபஸ்துடன் வருகிறது. கிரீடத்துக்கு அது சரி. எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் தாழ்ப்பாள் உள்ள ஓர் அறை, விளக்கெரியும் தெரு, ராத்திரியில் ஒரு பஸ், அதில் இன்னும் நாலு பெண்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த மண்டியாக்காரப் பெண் “ஒப்ரே பந்த்ரா?” என்று கேட்டாள். ஆமாம், தனியாகத்தான் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். அடுத்த தடவை தானும் மாமியாரை விட்டுவிட்டு வரப்போவதாகச் சொன்னாள். மாமியார் முன் சீட்டில்தான் இருந்தார். திரும்பிப் பார்த்து, தானும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்.