தரையிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டிய கண்ணாடிக் கதவு

கூடத்துக்கும் பால்கனிக்கும் இடையிலோ, படுக்கையறைக்கும் வெளிமுற்றத்துக்கும் இடையிலோ பொருத்தப்படும் பெரிய கண்ணாடிக் கதவு, தமிழ்நாட்டு நகர வீடுகளில் இன்று வழக்கமான அங்கமாகிவிட்டது. அதை வாங்கும்போது கண்ணாடியின் நிறமும் சட்டத்தின் வண்ணமும் விலையும் முதலில் பேசப்படுகின்றன. தரையோடு கதவு சேரும் இடம், வேலை முடியும் தறுவாயில் கொத்தனாரின் பொறுப்பில் விடப்படுகிறது. சக்கர நாற்காலியில் நடமாடுபவரோ, வாக்கரைப் பிடித்து நடக்கும் முதியவரோ வாழும் வீட்டில் இந்த வரிசை தலைகீழாக வேண்டும். அங்கே கதவைத் தரையிலிருந்து மேல்நோக்கித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை இத்தொழிலில் பழகியவர்கள் அறிவர்.

யு.பி.வி.சி.யாலோ அலுமினியத்தாலோ ஆன ஸ்லைடிங் கதவின் அடிச்சட்டத்தில் ‘டிராக்’ எனப்படும் தண்டவாளங்கள் இரண்டோ மூன்றோ ஓடுகின்றன. கொசுவலைக் கதவும் சேர்ந்தால் தண்டவாளம் ஒன்று கூடி, தாண்ட வேண்டிய சட்டத்தின் அகலமும் கூடும். சாதாரணமாகப் பொருத்தினால் இந்தச் சட்டம் தரைக்கு மேல் 40 மி.மீ. அல்லது அதற்கும் அதிகமாக நிற்கும். மழைநீர் உள்ளே வராதிருக்கப் பால்கனித் தரையும் கூடத்தைவிட ஓர் அங்குலமோ இரண்டங்குலமோ இறக்கி அமைக்கப்படுவதால், வெளியே செல்பவர் ஒரு மேட்டில் ஏறி, ஏறியதைவிட அதிக ஆழத்தில் இறங்க நேர்கிறது. நடப்பவரின் கண்ணுக்கே படாத இந்த மேடு, சக்கர நாற்காலியின் முன்புறச் சிறு சக்கரங்களுக்குச் சுவராகிவிடும்: நாற்காலி சட்டென நிற்கும், உட்கார்ந்திருப்பவரின் உடல் முன்னோக்கிச் சாயும். பார்க்கின்சன் நோயாலோ பக்கவாதத்தாலோ பாதத்தை உயர்த்த முடியாமல் தேய்த்து நடப்பவருக்கு, சக்கர நாற்காலியைத் தடுக்காத 15 மி.மீ. விளிம்புகூடக் கால் தடுக்கி விழப் போதுமானது.

அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் (ஏ.டி.ஏ.) 2010ஆம் ஆண்டு வரையறை, புதிய கதவின் நிலைப்படி 13 மி.மீ.க்கு மேல் உயரக் கூடாது என்கிறது. இந்தியாவில் மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2021இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டுதல்கள் ஏறத்தாழ இதே அளவை, 12 மி.மீ. என்று சொல்கின்றன. இவை முதன்மையாகப் பொதுமக்கள் புழங்கும் கட்டடங்களை நோக்கியவை. ஆயினும் ஒருவர் தம் வாழ்நாளில் பொதுக் கட்டடத்தின் கதவைவிடத் தம் வீட்டுக் கதவையே பலமடங்கு அதிகமுறை கடக்கிறார் என்பதால், வீட்டுக்கு இந்த அளவைத் தளர்த்துவதில் நியாயமில்லை.

மேடில்லாத வாசலைக் கேட்கும்போது கதவு செய்பவர் முதலில் எழுப்பும் கேள்வி மழையைப் பற்றியது. அது சரியான கேள்வியும்கூட. வடகிழக்குப் பருவமழையின்போது காற்றோடு சாய்ந்து அடிக்கும் சாரல் கண்ணாடியில் மோதி வழிந்து டிராக்கில் சேர்கிறது. அதன் வெளிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியே நீர் வெளியேறுகிறது. சட்டத்தைத் தரைக்குள் புதைத்துவிட்டால் அந்தத் துளைகளுக்கு வெளியே நீர் போக வேறு வழி வேண்டும். ஆகவே கதவை ஒட்டி வெளிப்புறத்தில், கதவின் முழு அகலத்துக்கும் ஒரு வடிகால் வாய்க்கால் வெட்டி, துளைகளை அதில் திறந்துவிட்டு, அதன்மேல் கம்பி மூடியிட்டு, பால்கனித் தரைக்குக் கதவிலிருந்து விலகிச் செல்லும் வாட்டம் கொடுக்க வேண்டும். மூடியின் இடைவெளிகள் 13 மி.மீ.க்குக் குறைவாகவும், சக்கரம் ஓடும் திசைக்குக் குறுக்காகவும் அமையாவிட்டால் முன்சக்கரம் அதில் சிக்கிக்கொள்ளும். மேலே அகலமான சன்ஷேடு இருந்தால் வாய்க்காலின் சுமை பெரிதும் குறையும். இத்தனையும் தளம் போடுவதற்கு முன்பே முடிவாக வேண்டியவை. டைல்ஸ் பதித்தபின் கதவுக்காரரை அழைப்பவருக்கு, எவ்வளவு செலவழித்தாலும், மேட்டோடு கூடிய கதவே கிடைக்கும்.

கட்டி முடித்த வீடுகளில் வழி முற்றிலும் அடைபட்டுவிடுவதில்லை. உள்ளே சரிவான பட்டையை வைத்து, வெளியே பால்கனித் தரையைக் கழற்றி எடுக்கக்கூடிய பலகைகளால் உயர்த்தி, அவற்றின் அடியில் நீர் ஓட இடம் விடலாம். சரிவு 12க்கு 1 என்ற அளவைத் தாண்டாமலிருக்க, 50 மி.மீ. மேட்டுக்கு 600 மி.மீ. நீளம் தேவைப்படும். இவ்விடத்தில் பலர் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: தரை எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்குப் பால்கனிக் கைப்பிடியின் உயரம் குறைகிறது. குழந்தைகள் உள்ள மாடி வீட்டில் கைப்பிடியை உயர்த்தாமல் தரையை மட்டும் உயர்த்துவது ஆபத்தானது.

அகலத்தைப் பொறுத்தவரை, விலைப்பட்டியலில் எழுதப்படும் அளவு கதவின் மொத்த அளவேயன்றி ஆள் புகும் அளவு அன்று. ஆறடி, அதாவது 1830 மி.மீ. அகலமுள்ள இரண்டு பாளக் கதவில் ஒரு பாளம் மற்றதன் பின்னால் ஒதுங்கும்போது பாதி அகலம் கிடைக்கும் என்று வாங்குபவர் எண்ணுகிறார். பக்கச் சட்டங்களும், பாளங்கள் ஒன்றையொன்று கவ்வும் பகுதியும், கைப்பிடி இடித்துக்கொள்ளாதபடி பாளத்தை முன்னதாகவே நிறுத்தும் தடுப்பும் சேர்ந்து அதில் ஒரு கணிசமான பகுதியை விழுங்கிவிட, எஞ்சுவது பெரும்பாலும் 800 மி.மீ.க்குச் சற்றுக் கீழேதான். ஏ.டி.ஏ. கேட்கும் குறைந்தபட்ச அகலம் 815 மி.மீ., இந்திய வழிகாட்டுதல் கேட்பது 900 மி.மீ. ஏழடிக் கதவு வைத்தால்தான் பின்னது கைகூடுகிறது. ஏழடிக்கு இடமில்லாத சுவரில், ஒற்றைப் பாளமாக 900 மி.மீ. திறக்கும் கீல் கதவு நல்ல மாற்று. ஆனால் அது காற்றில் அறைந்து சாத்தாமலிருக்கப் பிடிமானமும், திறக்கும் பக்கத்தில் நாற்காலி பின்வாங்க இடமும் வேண்டும். மடிப்புக் கதவுகள் முழு அகலத்தையும் திறந்து காட்டும் அழகுக்காக விரும்பப்படுகின்றன. பல கீல்களும் விரல் நசுங்கும் இடுக்குகளும் கொண்ட அவற்றை, கையில் வலுக்குறைந்தவர் தனியே கையாளும் வீட்டுக்குப் பரிந்துரைக்க இயலாது.

கதவை நகர்த்தத் தேவைப்படும் விசையை அளக்க ஒரு சாதாரண ஸ்பிரிங் தராசு போதும். அதன் கொக்கியைக் கைப்பிடியில் மாட்டிச் சீராக இழுத்தால், பாளம் நகரும்போது முள் காட்டும் எடை ஏறத்தாழ 2.3 கிலோவைத் தாண்டக் கூடாது. ஸ்லைடிங் கதவுகளுக்கு ஏ.டி.ஏ. விதிக்கும் 5 பவுண்டு விசை அதுவே. புதுக் கதவுகள் பலவும் இந்தச் சோதனையில் எளிதாகத் தேறும், ஏனெனில் பாளத்தின் எடையை ரோலர்களே தாங்குகின்றன. தேறாமல் போவது சில ஆண்டுகள் கழித்து, டிராக்கில் மணலும் முடியும் சேர்ந்து, ரோலரின் பேரிங் துருவேறிய பின். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று இதை விரைவுபடுத்துவதால், அங்கே 304 ரக எஃகைவிட உப்பை அதிகம் தாங்கும் 316 ரக எஃகில் செய்த ரோலர்களைக் கேட்டு வாங்குவதும், கதவைக் கழற்றாமலே ரோலரை உயர்த்திச் சரிசெய்யும் திருகு இருக்கிறதா என்று பார்ப்பதும் வீண்செலவும் அல்ல, வீண்வேலையும் அல்ல. விரலிடுக்கால் பிடித்துத் திருப்ப வேண்டிய பிறை வடிவப் பூட்டு, மூட்டுவாதம் உள்ளவருக்குப் பூட்டாகவே நின்றுவிடும். உள்ளங்கையாலோ முழங்கையாலோ அழுத்தித் திறக்கத்தக்க நீண்ட நெம்புப்பிடி, தரையிலிருந்து ஏறத்தாழ 900 முதல் 1000 மி.மீ. உயரத்தில் இருந்தால் உட்கார்ந்தவருக்கும் நிற்பவருக்கும் எட்டும்.

கண்ணாடியில் முடிவெடுப்பது இவற்றைவிட எளிது. சூடேற்றி வேகமாகக் குளிரவைத்து வலுவூட்டிய ‘டஃபன்ட்’ கண்ணாடி உடைந்தால் கூரிய துண்டுகளாகாமல் சிறு மணிகளாக உதிர்கிறது. இரு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய ‘லேமினேட்டட்’ கண்ணாடி உடைந்தாலும் படலத்திலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது. மாடிப் பால்கனிக்குப் பின்னதே ஏற்றது. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிமனுக்கும் 2.5 கிலோ எடை கொள்வதால், 1.1 மீட்டர் அகலமும் 2.1 மீட்டர் உயரமும் உள்ள பாளம் 8 மி.மீ. தடிமனில் ஏறத்தாழ 46 கிலோ எடையிருக்கும்; தேவைக்கு மேல் தடிமன் கேட்பவர் அந்தச் சுமையை ரோலரின் மீது ஏற்றுகிறார். பார்வை மங்கியவர் மூடிய கண்ணாடியைத் திறந்த வாசலென்று எண்ணி மோதாதிருக்க, பிரிட்டிஷ் வழிகாட்டுதல் சொல்வதுபோல் 850 முதல் 1000 மி.மீ. உயரத்தில் ஒன்றும், 1400 முதல் 1600 மி.மீ. உயரத்தில் ஒன்றுமாக, பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரியும் இரண்டு பட்டைகள் ஒட்ட வேண்டும். தரையைப் பெருக்கும் திரைச்சீலையும் வாசலில் போடும் கால்மிதியும் சக்கரத்தில் சுற்றிக்கொள்பவை. அவற்றை அகற்றிவிடுவதே நல்லது.

கடைகளில் காட்சிக்கு வைக்கும் கதவுகள் பெரும்பாலும் மேடையொன்றின்மேல் நிறுத்தப்பட்டிருப்பதால், அடிச்சட்டத்தின் உண்மையான உயரம் அங்கே புலப்படாது. ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், அதே கதவு பொருத்தப்பட்ட ஒரு வீட்டைக் காட்டும்படி விற்பவரிடம் கேளுங்கள். அதைப் பயன்படுத்தப்போகிறவரையே அங்கே அழைத்துச் சென்று, யாருடைய உதவியுமின்றித் திறந்து, வெளியே போய், திரும்பி வந்து மூடச் சொல்லுங்கள்.