இருட்டில் கேமரன்மலை: விளக்கு எங்கே பார்க்க வேண்டும்?

கேமரன்மலைக்குப் போகிற நம்மில் பலர் அதைப் பகலில்தான் பார்க்கிறோம். தேயிலைச் சரிவு, ஸ்ட்ராபெரி, அவித்த சோளம், பொழுது சாய்ந்ததும் பிரிஞ்சாங் இரவுச் சந்தை. அதோடு விடுதிக்குத் திரும்பிப் போர்வைக்குள் புகுந்துவிடுவோம். அந்த மலையின் பாதி வேலை அதற்குப் பிறகுதான் நடக்கிறது. அறுத்த காய்கறி விடிவதற்குள் லோரி ஏற வேண்டும். தலைநகருக்கும் சிங்கப்பூருக்கும் போகும் கோஸ், தக்காளி, சாலாட் இலை எல்லாம் தோட்டத்து மண் பாதையிலிருந்துதான் பயணத்தைத் தொடங்குகின்றன.

அப்படிப்பட்ட ஒரு பாதையில் நான்கு இரவுகள் வண்டி ஓட்டும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. கம்போங் ராஜாவைத் தாண்டி, புளூ வேலி பக்கம் என் மாமாவுக்குக் காய்கறித் தோட்டம் இருக்கிறது. அவருடைய பழைய லேண்ட் ரோவர் பட்டறையில் இருந்ததால், கூடைகளைச் சேகரிப்பு இடத்திற்குக் கொண்டு போக என் ஹைலக்ஸுடன் வரச் சொன்னார். சிம்பாங் பூலாய் வழியாக ஏறினேன். என் வண்டியின் கூரையில் 40 அங்குல லைட் பார், முன் பம்பரில் இரண்டு சிறிய விளக்குகள். எல்லாம் புதிது.

மாமா வண்டியைச் சுற்றி வந்தார். விளக்கைத் தட்டிப் பார்த்தார். “வெளிச்சம் நெறயா இருக்கு மாப்ள. அது எங்க விழுதுன்னு பாத்தியா?” என்றார்.

அன்று மாலை அவருடைய கொட்டகை முற்றத்தில் நடந்ததை விரிவாகச் சொல்கிறேன். நான்கு சக்கர வண்டி வைத்திருக்கும் நண்பர்களுக்கு உதவும்.

முதலில் கூடை, பிறகு விளக்கு

விளக்கின் திருகைத் தொடுவதற்கு முன் மாமா செய்த முதல் வேலை, பின்பக்கம் கோஸ் கூடைகளை ஏற்றியது. “காலி வண்டியில குறி வச்சா, சுமை ஏறுனதும் விளக்கு வானத்தப் பாக்கும்” என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹைலக்ஸின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே சுமார் 3 மீட்டர். பாரத்தில் பின்பக்கம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால், வண்டியின் மூக்கு ஏறக்குறைய 1 டிகிரி நிமிர்கிறது. ஒரு டிகிரிதானே என்று விட முடியாது. 60 மீட்டர் தூரத்தில் அது ஒரு மீட்டர் உயர வித்தியாசம். பாதையில் விழ வேண்டிய வெளிச்சம், எதிரே வருகிறவரின் முகத்தில் விழ அது போதும். எனவே, எந்தச் சுமையோடு ஓட்டப் போகிறோமோ அந்தச் சுமை, சரியான டயர் காற்று, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள். இவை இருந்தால்தான் அளவு சரியாக வரும்.

அடுத்து, சமதளமான சிமெண்டுத் தரையில் வண்டியைச் சுவரிலிருந்து 7.5 மீட்டர் தள்ளி, நேராக நிறுத்தினோம். லைட் பாரின் நடு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்தோம்: 1.9 மீட்டர். சுவரில் அதே உயரத்தில் நாடாவை ஒட்டினோம். வண்டியின் நடுக்கோட்டுக்கு நேராக இன்னொரு நாடாவைச் செங்குத்தாக ஒட்டினோம்.

தோட்டப் பாதையில் மணிக்கு 20, 30 கிலோமீட்டருக்கு மேல் போக முடியாது. அந்த வேகத்திற்கு 60 மீட்டர் வரை தெரிந்தால் தாராளம். 1.9 மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பும் ஒளி 60 மீட்டரில் தரையைத் தொட வேண்டுமானால், 7.5 மீட்டரில் உள்ள சுவரில் அது 24 சென்டிமீட்டர் இறங்கியிருக்க வேண்டும். ஆகவே நாடாவுக்குக் கீழே 24 சென்டிமீட்டரில் இன்னொரு கோடு. வெளிச்சத்தின் மிகப் பிரகாசமான பகுதி அந்தக் கோட்டில் உட்காரும் வரை விளக்கைச் சாய்த்தோம். உங்கள் வண்டியின் உயரத்தையும் போக நினைக்கும் தூரத்தையும் வைத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளலாம்.

கூரையிலிருந்து வரும் ஒளி முன் மூடியில் பட்டுத் திரும்பினால் அதுவும் கண்ணைக் கெடுக்கும். பக்கத்தில் உள்ள பொருள் பளபளத்தால் கண்மணி சுருங்கி, தூரத்து இருட்டு இன்னும் இருட்டாகிவிடும். பாரைச் சற்றுப் பின்னே தள்ளி வைத்ததும் மூடியில் விழுந்த வெள்ளை மறைந்தது. பம்பர் விளக்குகளுக்கு வேறு வேலை. அவற்றைத் தாழ்த்தி, சற்று வெளிப்பக்கமாகத் திருப்பி, பாதையின் இரு ஓரங்களையும் காட்ட வைத்தோம். வளைவில் முதலில் தேவைப்படுவது ஓரம்தான்.

திருகை முறுக்கும்போது விளக்கு லேசாக நகரும். முறுக்கிய பிறகு மறுபடி சுவரைப் பார்க்க வேண்டும். சரியாக அமைந்ததும் தாங்கியில் பெயிண்டால் சின்னக் கோடு போட்டுவிட்டால், குலுங்கி நகர்ந்தாலும் காலையில் பார்த்ததும் தெரிந்துவிடும்.

மூடுபனிக்கு வேறு கணக்கு

முதல் இரவே மூடுபனி இறங்கிவிட்டது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். மேகம் அங்கே தலைக்கு மேல் நிற்காது, சாலைக்கே வந்துவிடும். லைட் பாரைப் போட்டதும் எதிரே வெள்ளைச் சுவர் எழுந்தது. கூரை விளக்கு நம் கண்ணுக்கு அருகில் இருக்கிறது. அதன் ஒளி பனித்துளிகளில் பட்டு, வந்த வழியே நம் கண்ணுக்குத் திரும்புகிறது. அதை அணைத்துவிட்டு, தாழ்வாக இருக்கும் பம்பர் விளக்கோடு போனால் கொஞ்ச தூரமாவது தெரிகிறது.

மஞ்சள் விளக்கு பனியைத் துளைத்துக்கொண்டு போகும் என்று பலர் சொல்வார்கள். மூடுபனியின் துளிகள் ஒளியலையை விடப் பல மடங்கு பெரியவை. எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். மஞ்சளில் கண் கூசுவது குறைவு என்று உணர்கிறவர்கள் உண்டு. ஆனால் நிறத்தை விட, விளக்கு எவ்வளவு தாழ்வாக இருக்கிறது, எங்கே சாய்ந்திருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம்.

போகிற வழியில் ஒரு சரிவு முழுக்க பிளாஸ்டிக் கூரைக்குள் விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. செவ்வந்தித் தோட்டம். செவ்வந்தி நீண்ட இரவு கிடைத்தால் பூத்துவிடும் செடி. தண்டு நீளும் வரை பூக்காமல் இருக்க இரவில் விளக்கு வைத்து இருட்டை உடைக்கிறார்கள். அங்கேயும் ஒவ்வொரு விளக்கும் செடியைத்தான் பார்க்கிறது, வானத்தை அல்ல.

எதிரே வருகிறவர்

1929-இல் ரசல் என்ற ஆங்கிலேயர் இந்த மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலைத் தோட்டங்களில் உழைக்க வந்த நம் குடும்பங்களின் வாரிசுகள் பலர் இன்று சொந்தமாகக் காய்கறியும் பூவும் பயிரிடுகிறார்கள். மாமா அவர்களில் ஒருவர். பல ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற மண் பாதையில் எதிரே வந்த ஒரு வண்டி விளக்கைத் தணிக்கவில்லை. மாமாவுக்குச் சில நொடிகள் எதுவும் தெரியவில்லை. பிரேக்கை மிதித்து நின்றபோது லேண்ட் ரோவரின் இடது முன் சக்கரம் அந்தரத்தில் இருந்தது. கீழே ஓடை. பக்கத்தில் அத்தை, மடியில் கைக்குழந்தை. அந்தக் குழந்தைக்கு இப்போது கல்யாண வயது.

அதனால்தான் என் லைட் பாரின் வயரையும் மாற்றச் சொன்னார். 12 வோல்ட்டில் 240 வாட் விளக்கு 20 ஆம்பியர் இழுக்கும். ரிலேயும் ஃபியூஸும் ஏற்கெனவே இருந்தன. அந்த ரிலேயை ஹை பீமோடு இணைத்தோம். இப்போது ஹை பீமைத் தணித்தால் லைட் பாரும் கூடவே அணைந்துவிடும். அவசரத்தில் இன்னொரு சுவிட்சைத் தேட வேண்டியதில்லை.

மூன்றாவது இரவு, வளைவுக்கு அப்பால் மங்கலாக ஒரு வெளிச்சம். “அடைச்சிடு” என்றார் மாமா. விரலைத் தட்டினேன். பூர்வக்குடி இளைஞர் ஒருவர், பின்னால் மனைவி, நடுவில் தூங்கும் பிள்ளை. பள்ளத்துப் பக்கம் அவர்களுடையது. மோட்டார் சைக்கிள் எங்களை உரசாத குறையாகக் கடந்தது. அந்த இளைஞர் தலையசைத்துவிட்டுப் போனார். மாமா ஒன்றும் சொல்லவில்லை.

வார இறுதியில் மலையேறும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள். லைட் பார் பொதுச் சாலைக்கு உரியதல்ல. தார் சாலை வந்ததும் அணைத்து, உறை போட்டு மூடிவிடுங்கள். தோட்டப் பாதைகள் தனியாருக்குச் சொந்தமானவை. அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும். எதிரே வருகிறவர் விளக்கைத் தணிக்காவிட்டால் நாமும் பதிலுக்குப் பாய்ச்ச வேண்டாம். வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இடது ஓரத்துக் கோட்டில் வையுங்கள். சாமான் நிறைய ஏற்றிய காரிலும் முன் விளக்கு நிமிர்ந்துவிடும். பல கார்களில் அதைத் தாழ்த்தும் சிறு சக்கரம் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கிறது.

அடுத்த முறை கேமரன்மலையில் தங்கினால், தூங்கும் முன் சன்னல் திரையை விலக்கிப் பாருங்கள். எதிர்ச்சரிவின் இருட்டில் ஒரு வெளிச்சம் நகர்ந்து வந்து, சட்டென்று தணிந்து, சற்று நேரத்தில் மறுபடி எழும். அங்கே யாரோ ஒருவர் இன்னொருவருக்கு வழிவிட்டிருக்கிறார்.