மாற்றுவதா, பழுது பார்ப்பதா?



பழைய கார் வைத்திருக்கும் குடும்பத்தார் என்றேனும் ஒருநாள் சந்திக்கும் கேள்வியே இத்தலைப்பு. சென்ற கோடையில் அது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தது.

எங்களுடையது 2006ஆம் ஆண்டின் மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சி.சி. எஞ்சின். 1983இல் வெளிவந்த இக்காரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. எனினும், என் தாயாரைச் சேலம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அதுவே எங்களுக்குத் துணை.

அன்று சேலத்திலிருந்து கடத்தூர் திரும்புகையில், மஞ்சவாடிக் கணவாயில் வெப்பம் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கண்டும், 'இன்னும் சிறிது தூரம்தானே' என்று ஓட்டினேன். ஆவி கிளம்பி வண்டி நின்றது. நோயுற்ற தாயாரை மரநிழலில் அமர்த்தியபோது என் அவசரத்தை எண்ணி வெட்கினேன்.

"எஞ்சினையே மாற்றிவிடுங்கள் ஹஜ்ரத். பழைய எஞ்சின் 25,000 ரூபாய்க்குக் கிடைக்கும்" என்றார் ஒரு மெக்கானிக். கையில் இருந்ததோ மகளின் கல்லூரிக் கட்டணத்திற்காகச் சேர்த்த 40,000. "ஒழுக்கை அடைக்கும் மருந்தை ஊற்றி, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள்" என்றார் ஒரு நண்பர். குறையை மறைத்து விற்பது கூடாதென்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நான் அதை எவ்வாறு செய்வேன்?

முதியவரான மற்றொரு மெக்கானிக், "திறந்து அளக்காமல் எதையும் முடிவு செய்யக்கூடாது ஹஜ்ரத்" என்றார். அவர் கூறியவை உங்களுக்கும் பயன்படும்.

எஞ்சின் ஆயில் பால் கலந்த தேநீர் போலிருந்தால், அதில் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். கேஸ்கட் எரிந்திருக்கலாம், அலுமினியத்தாலான ஹெட் சூட்டில் வளைந்திருக்கலாம். வளைவு சிறிதெனில் லேத் பட்டறையில் சமன் செய்துவிடலாம். சிலிண்டர் சுவரில் கீறல் விழுந்திருந்தால் போர் செய்து பெரிய பிஸ்டன் போடவேண்டும். கிராங்கும் கெட்டிருந்தால் செலவு மாற்று எஞ்சினின் விலையை எட்டிவிடும். அப்போது மாற்றுவதே மேல்.

மாற்றுவோர் அந்த எஞ்சினை ஓடவிட்டு, கம்ப்ரெஷன் பார்த்தே வாங்கவேண்டும். ரசீது அவசியம். எண் அழிக்கப்பட்ட எஞ்சின் திருட்டு வண்டியினுடையதாகவும் இருக்கலாம். எஞ்சின் எண் பதிவுச் சான்றில் உள்ளதால், மாற்றியதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துத் திருத்தம் பெறுவதும் கடமை. இல்லையேல் விபத்துக் காலத்தில் காப்பீட்டுத் தொகைக்குச் சிக்கல் நேரலாம்.

எங்கள் வண்டியைத் திறந்தபோது, அல்ஹம்துலில்லாஹ், சிலிண்டர் சுவர்களில் கீறல் இல்லை. ஹெட் மட்டுமே வளைந்திருந்தது. அதைச் சமன் செய்து, கேஸ்கட்டும் டைமிங் பெல்ட்டும் மாற்ற 14,000 ரூபாய் ஆயிற்று. மீதியைக் கல்லூரியில் கட்டி, குறைந்ததற்குக் கைமாற்று வாங்கினேன்.

இத்தனைக்கும் காரணம் என்ன தெரியுமா? ரேடியேட்டரின் வெடித்த ரப்பர் குழாய் ஒன்று! அதன் விலை சில நூறு ரூபாய்தான். முள் சிவப்பைத் தொட்டவுடனே நிறுத்தியிருந்தால் அந்தக் குழாயோடு போயிருக்கும்.

ஆகவே, வாரம் ஒருமுறை தண்ணீரையும் ஆயிலையும் பாருங்கள். முள் ஏறினால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள். சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் திறவாதீர்கள். அதையும் மீறிப் பழுது நேர்ந்தால், முதலில் திறந்து அளக்கச் சொல்லுங்கள். பிறகு பணத்தை எண்ணுங்கள்.