ஓடுகிற வரை யாருக்கும் தெரியாது!

"நீங்க காலேஜ்ல என்ன சப்ஜெக்ட் எடுக்கறீங்க?" என்று கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். நான் பாடம் எடுப்பதில்லை. பாடம் எடுக்கிறவர்களின் கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால், அதை எழுப்பி உட்கார வைப்பவள். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் 2004-இல் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்த கையோடு கிடைத்த வேலை. இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

காலை எட்டே முக்காலுக்கு லேபைத் திறக்க வேண்டும். அறுபது மெஷின்கள். யு.பி.எஸ்.ஸைப் போட்டு, ஒவ்வொன்றாக ஆன் செய்து பார்ப்பேன். ஒன்று 'பீப் பீப்' என்று கத்தும். அதற்கு மருந்து என்ன தெரியுமா? பென்சில் அழிக்கிற ரப்பர்தான்! மெஷினை ஆஃப் செய்து, ஒயரைப் பிடுங்கி, உள்ளே இருக்கும் 'ராம்' அட்டையைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்வரிசையை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பச் செருகினால் பல சமயம் சமர்த்தாக எழுந்து கொள்ளும். இன்னொன்றில் எலி ஒயரைக் கடித்திருக்கும். மழைக்காலமென்றால் இடி இடித்த மறுநாள் எந்த நெட்வொர்க் பெட்டி கருகியிருக்கிறதோ என்று வயிற்றில் புளியைக் கரைக்கும்.

ஒன்பதரை மணிக்குப் பிள்ளைகள் வந்து உட்காரும்போது அறுபதும் ஓடிக்கொண்டிருக்கும். அது எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. அறுபதில் ஒன்று நின்றால் மட்டும், "டெக்னீஷியன் எங்கே? என்ன செஞ்சிட்டிருக்காங்க?" என்று குரல் வரும். சகோதரிகளே, இந்தக் குரலை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? முந்நூற்று அறுபத்து நாலு நாள் சாம்பார் நன்றாக இருந்தால் பேச்சு மூச்சு இருக்காது. ஒருநாள் உப்பு ஏறிவிட்டால்தான், "யார் சமைச்சது?" என்பார்கள்!

இந்த வேலையில் மெஷினின் கோளாறு பாதி என்றால், மனிதர்களின் பயம் பாதி. ஒருநாள் ஒரு துறைத் தலைவர் பதறிப் போய்க் கூப்பிட்டார். "ஏம்மா, இன்டர்நெட்டே செத்துப் போச்சு. எதைத் திறந்தாலும் 'பாதுகாப்பு இல்லை'ன்னு வருது. வைரஸா?" போய்ப் பார்த்தேன். திரையின் மூலையில் தேதி பல வருஷம் பின்னால் இருந்தது. கம்ப்யூட்டருக்குள்ளே கைக்கடிகாரத்தில் போடுவது போல ஒரு வட்ட பாட்டரி உண்டு. மெஷின் அணைந்திருக்கும்போதும் தேதியையும் நேரத்தையும் காப்பாற்றுவது அதுதான். அது தீர்ந்துவிட்டால் தேதி பின்னே போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று கணக்கு இருக்கிறது. நம் மெஷின் பழைய வருஷத்திலேயே நின்றுகொண்டு, 'இந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லையே' என்று மறுத்துவிடுகிறது! பாட்டரியை மாற்றினேன். ஐந்து நிமிஷ வேலை. "இவ்வளவுதானா?" என்றார் அவர். இவ்வளவுதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும்?

தமிழ்த் துறையில் ஓய்வு பெறும் வயதில் ஒரு ஐயா இருந்தார். புது கம்ப்யூட்டர் கொடுத்த அன்று கண் கலங்கிவிட்டார். அவர் பல வருஷமாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த கட்டுரைகளைத் திறந்தால், தமிழே காணோம்! அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கிறது. "எல்லாம் போச்சாம்மா?" என்றார். "ஒண்ணும் போகலைங்க ஐயா. உங்க எழுத்து அங்கேயேதான் இருக்கு. சட்டைதான் மாறிப் போச்சு" என்றேன். அந்தக் காலத்து பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் உள்ளே இருக்கும் ஆங்கிலம் வெளியே தெரிந்துவிடும். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்கான எண்கள் உலகம் முழுக்க ஒன்றேதான். 2010-இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றுக்கொண்டது. மூன்று சாயங்காலம் உட்கார்ந்து அவருடைய கோப்புகளையெல்லாம் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். என் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார்.

இன்னொரு பெண், ஆராய்ச்சி மாணவி. கைக்குழந்தைக்காரி. லேப்டாப்பில் செருகியிருந்த பென் டிரைவைக் குழந்தை மிதித்து, முனை ஒடிந்துவிட்டது. ஆய்வேடு கொடுக்க இருபது நாள்தான் இருக்கிறது. "அக்கா, அஞ்சு வருஷம் அக்கா..." என்று விம்மினாள். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். பிறகு, வழிகாட்டிக்கு அவள் அனுப்பிய பழைய மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்தோம். நாலு அத்தியாயம் கிடைத்துவிட்டது. கடைசி அத்தியாயம் ஒடிந்த டிரைவில் மட்டும். அந்த வகை பென் டிரைவின் முனையில் இருப்பது நாலே நாலு இணைப்புத்தான். உள்ளே இருக்கும் சில்லு உடையாமல் இருந்தால் போதும். டவுனில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, பூதக்கண்ணாடி வைத்து நாலு மெல்லிய கம்பியைப் பற்ற வைத்தான். வந்துவிட்டது!

அவளிடம் அன்று சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஆவக்காய் போட்டால் எல்லாவற்றையும் ஒரே ஜாடியிலா போட்டு வைக்கிறோம்? ஒன்றில் பூசணம் பிடித்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று இரண்டு, மூன்று ஜாடியில் பிரிப்போம். அக்கா வீட்டுக்கும் ஒரு பாட்டில் போகும். குழந்தையின் போட்டோ, பிறப்புச் சான்றிதழ், பத்திரத்தின் நகல் எல்லாவற்றுக்கும் அதே கணக்குத்தான். மூன்று பிரதி. இரண்டு விதமான இடத்தில். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. எங்கள் தொழிலில் பெரிய பெரிய கம்பெனிகளுக்கும் சொல்லுகிற விதி இதுவே.

இனி உடம்பு விஷயம். நான் சேர்ந்த புதிதில் டி.வி. பெட்டி மாதிரியான பழைய மானிட்டர்கள். ஒவ்வொன்றும் பதினான்கு, பதினைந்து கிலோ இருக்கும். மாடி ஏற்றி இறக்கியதிலும், யு.பி.எஸ். பாட்டரி தூக்கியதிலும் முதுகு பிடித்துக்கொண்டது. புடவையோடு மேஜைக்கு அடியில் தவழ்வதும், ஏணி ஏறுவதும் வேறு! பிசியோதெரபி செய்த அம்மாள் கற்றுக் கொடுத்தது: குனிந்து தூக்காதே, முழங்காலை மடக்கி உட்கார்ந்து, சுமையை உடம்போடு ஒட்டிப் பிடித்து, காலால் எழுந்திரு, தூக்கியபடி இடுப்பைத் திருப்பாதே. தண்ணீர்க் குடத்துக்கும் சிலிண்டருக்கும் இது பொருந்தும். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது. அதனால்தான் எரிச்சல். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் இருப்பதை இருபது விநாடி பாருங்கள். எனக்கு லேப் ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருக்கிறது.

சேர்ந்த முதல் மாதத்திலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு கோடு போட்ட நோட்டு. தேதி, இடம், என்ன கோளாறு, எவ்வளவு நேரம் என்று நாலு கட்டம். எந்த மெஷினுக்கு எப்போது என்ன செய்தோம் என்று தெரியத்தான் ஆரம்பித்தேன். அதுவே ஒருநாள் என் சோற்றைக் காப்பாற்றும் என்று யார் கண்டது?

2020 மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. என் வீட்டுக்காரர் துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டர். பட்டறை மூடிவிட்டது. வருமானம் என் சம்பளம் ஒன்றுதான். வீட்டில் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். ஜூன் முதல் வாரம் காலேஜிலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'ஆய்வகங்கள் பூட்டியிருப்பதால் டெக்னீஷியன்களுக்கு வேலையில்லை. எனவே பாதிச் சம்பளம்.'

வேலை இல்லையாமே! ஆன்லைன் வகுப்பு என்றால் என்னவென்றே தெரியாத ஆசிரியர்களுக்கெல்லாம் போனிலேயே கற்றுக் கொடுத்தது யார்? "மைக் படத்து மேல சிவப்புக் கோடு இருக்கா பாருங்க மேடம்... அதைத் தொடுங்க" என்று தோசைக் கரண்டியும் கையுமாக நின்று பேசியது யார்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு பிரின்ஸிபாலைப் பார்க்கப் போனேன்.

"சார், மார்ச் 25-லேர்ந்து மே 31 வரைக்கும் 68 நாள். 412 அழைப்பு. இதுல எழுதியிருக்கேன், நீங்களே பாருங்க."

முகக்கவசத்துக்கு மேலே கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரு இடத்தில் நின்றார். 'ஏப்ரல் 19, இரவு 10.40, பிரின்ஸிபால் சார், மீட்டிங்கில் சத்தம் வரவில்லை, 35 நிமிஷம்.' அவர் பெயர் ஒன்பது இடத்தில் இருந்தது! சற்று நேரம் பேசவில்லை. "இதை ஜெராக்ஸ் எடுத்து வைச்சிட்டுப் போம்மா" என்றார். ஆகஸ்ட் மாதத்திலிருந்து எங்கள் மூன்று பேருக்கும் முழுச் சம்பளம் வந்தது. இரண்டு மாதம் பிடித்தது பிடித்ததுதான், அது திரும்பவில்லை. ஆனால் 'வேலையில்லை' என்ற வார்த்தை அதற்குப் பிறகு யார் வாயிலிருந்தும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை. காலேஜுக்கு ஒரு நோட்டு இருக்கிறதே, வீட்டுக்கு ஏன் இருக்கக் கூடாது? ஒரு வாரம் வீட்டில் நடந்ததையெல்லாம் எழுதி, காலண்டர் பக்கத்து ஆணியில் மாட்டினேன். சண்டைக்காக அல்ல, சும்மா தெரியட்டும் என்றுதான். கேஸ் புக் பண்ணியது, அத்தையின் பிரஷர் மாத்திரை வாங்கியது, சின்னவனின் சீருடை பொத்தான், ரேஷன், குழாய்த் தண்ணீர் பிடித்தது, மாவு அரைத்தது...

"கேஸ் புக் பண்றதெல்லாம் ஒரு வேலையா?" என்று சிரித்தார் அவர்.

"ஒரு மாசம் பண்ணாம விட்டுப் பாருங்களேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. திரும்பவும் முதலிலிருந்து படித்தார். பேனாவை எடுத்து, தண்ணீர், ரேஷன், மாத்திரை மூன்றுக்கும் நேராகத் தன் பெயரை எழுதினார். பட்டறை திறந்த பிறகு ரேஷன் என்னிடமே வந்துவிட்டது. மற்ற இரண்டும் இன்றுவரை அவருடையதே.

ஆனால் என்னை உலுக்கியது அது அல்ல. அன்று ராத்திரி பூண்டு உரித்துக்கொண்டிருந்த என் மாமியார் மெல்லக் கேட்டார்: "ஏம்மா, நான் பண்றதையும் அதுல எழுதலாமா?"

நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். "சொல்லுங்க அத்தை" என்றேன். அரிசியில் கல் பொறுக்கியது, துணி மடித்தது, நான் போனில் கத்திக்கொண்டிருந்தபோது பாலைப் பொங்காமல் பார்த்துக்கொண்டது, சின்னவனுக்குக் கதை சொல்லிச் சோறு ஊட்டியது... ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. எழுபது வயதில் முதல் முறையாகத் தன் வேலையை எழுத்தில் பார்த்தார். "இவ்வளவா பண்றேன்!" என்று அவருக்கே ஆச்சரியம். 'ராத்திரி எட்டு மணிக்குப் பொம்பளைக்கு என்ன கம்ப்யூட்டர் வேலை?' என்று முன்பெல்லாம் முணுமுணுத்தவர் அவர்தான். இப்போது நான் தாமதமாக வந்தால், "இன்னிக்கு எத்தனை எழுதினே?" என்று கேட்கிறார்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனி தந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. புதிய விண்டோஸ் 11-ஐ ஏற்க முடியாத பழைய மெஷின்கள் எத்தனை என்று காலேஜில் கேட்டார்கள். நோட்டைப் புரட்டிப் பத்து நிமிஷத்தில் பதில் சொன்னேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் பையனுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கச் சொல்லித் தருவதற்கு முன்னால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

வேலைக்குப் போகிற சகோதரிகளும் சரி, வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிகளும் சரி, ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். நீளமாக வேண்டாம்; ஒரு வேலைக்கு ஒரு வரி போதும். யாரையும் குற்றம் சொல்லி ஒரு வார்த்தைகூட எழுதாதீர்கள். வேலையையும் நேரத்தையும் மட்டும் எழுதுங்கள். எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் மாட்டுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்க மறக்காதீர்கள்.